கொடுத்த கணக்கும் ஈட்டிய கணக்கும்

(திருவேற்காட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



'தொழிலும் சமுதாயமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு பரந்த தலைப்பில் பேச்சாளர் தப்பித்துக்கொள்ள நிறைய வழிகள் உண்டு. அந்த வழிகளை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வியோடு நிற்கிறேன். ஒரு தொழில் நிறுவனம் சமுதாயத்துக்கு நல்லது செய்கிறதா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது? அது கொடுக்கும் நன்கொடையை வைத்தா, அது பணம் ஈட்டும் முறையை வைத்தா?

இதைக் கேட்பதற்குத் திருவேற்காட்டைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. கருமாரியம்மனால் நாடறிந்த ஊர் இது. வேதபுரீஸ்வரர் கோயில் திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற தலம். அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவரான மூர்க்க நாயனார் பிறந்ததும் இங்கேதான். அவர் கதையைப் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழார் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர். ஆகவே என் கேள்வியை இந்த மண்ணின் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

சூதாடி அன்னமிட்டவர்

மூர்க்கர் வேளாண் குடியில் பிறந்தவர். அடியார்களுக்கு அமுது படைத்த பிறகே தாம் உண்பது என்ற நியமத்தோடு வாழ்ந்தார். அடியார் கூட்டம் பெருகப் பெருகச் செலவும் பெருகியது. நிலத்தை விற்றார், இருந்த உடைமைகளையெல்லாம் விற்றார். விற்க ஒன்றும் இல்லாதபோது, தாம் முன்பே கற்றிருந்த சூதாட்டத்தைக் கையில் எடுத்தார். அவர் திறமை தெரிந்த உள்ளூரார் யாரும் எதிரே உட்கார வரவில்லை. ஊர் ஊராகச் சென்றார்; குடந்தை வரை போனார். முதல் ஆட்டத்தில் தாம் தோற்று, எதிராளிக்கு ஆசை காட்டி, அடுத்தடுத்த ஆட்டங்களில் வென்றார். ஆட்டத்தில் மறுத்துப் பேசியவரை உடைவாளால் குத்தினார்; மூர்க்கர் என்ற பெயர் அதனால் வந்தது. நற்சூதர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. வென்ற பொருளைத் தம் கையால் தொடவில்லை. சமைப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டு அமுது ஆக்கினார்கள். அடியார்கள் எல்லாரும் உண்ட பிறகு கடைசிப் பந்தியில் அவர் உண்டார்.

பக்தியின் எல்லைக்கு இது சான்று என்று சைவ மரபு போற்றுகிறது. அந்த வாசிப்பில் நான் குறுக்கிடவில்லை. ஆனால் தொழில் பற்றிப் பேச வந்தவன் என்ற முறையில் இந்தக் கதையில் மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்கிறேன். முதலாவது, தம்மைத் தெரிந்தவர்கள் ஆட வராததால் தெரியாதவர்களைத் தேடிப் போனார். பந்தியில் அமர்ந்தவர்களைக் கதை போற்றுகிறது. பணையம் இழந்து வீடு திரும்பியவன் வீட்டில் அன்று உலை வைத்தார்களா என்று சொல்ல அதில் இடமில்லை. இரண்டாவது, முதலில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பிறகு மொத்தமாக வாரும் உத்தி. மூன்றாவது, தமக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளாத கை. நாயனாரின் பெருமை அந்த மூன்றாவதில் இருக்கிறது. இன்றைய நிறுவனங்கள் பலவற்றுக்கு முதல் இரண்டும் அச்சாகப் பொருந்தும், மூன்றாவதைத்தான் காணோம்.

இரண்டு விழுக்காட்டின் வெளிச்சம்

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், தன் 135ஆம் பிரிவில் நிறுவனங்களுக்கு ஒரு கடமையை விதித்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பள்ளிக்கூடங்களில் கழிப்பறைகள் எழுந்தன, ஏரிகள் தூர் வாரப்பட்டன, மருத்துவமனைகளுக்குக் கருவிகள் வந்தன. நல்லவையே. குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆண்டறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். அந்த இரண்டு விழுக்காட்டுக்கு வண்ணப்படங்களோடு பக்கம் பக்கமாக இடம். மீதித் தொண்ணூற்றெட்டு எப்படி வந்தது என்பதற்குத் தணிக்கையாளரின் வறண்ட எண்கள் மட்டுமே. எத்தனை பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், அவர்கள் எங்கே தூங்குகிறார்கள், சின்னப் பட்டறைகளுக்குத் தர வேண்டிய பாக்கி எத்தனை நாள் இழுத்தது, விற்ற பொருளின் உறை எந்த ஆற்றில் கிடக்கிறது என்பதையெல்லாம் அந்த வண்ணப்படங்கள் காட்டா.

இந்தச் சட்டத்தின் விதிகளில் ஒரு நுட்பம் உண்டு. தன் சொந்த ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் பயன்படும் செலவை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. காரணம் எளிது. உழைப்பவரை மனிதராக நடத்துவது கடமை. அதைத் தர்மக் கணக்கில் எழுத முடியாது. திருவள்ளுவரும் வாணிகத்தைப் பற்றிய குறளை ஈகை அதிகாரத்தில் வைக்கவில்லை. நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார். பிறர் பொருளையும் தன் பொருள்போலக் காப்பதே வாணிகம் என்பது அவர் தீர்ப்பு. கொடையைப் பேசும்முன் நேர்மையைப் பேசிவிட வேண்டும் என்பதை வேறு எப்படிச் சொல்வது?

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தொழிலுக்கும் செலவு உண்டு. அதில் ஒரு பகுதியைத் தொழில் தானே ஏற்கிறது. இன்னொரு பகுதியைத் தொழிலாளியின் வீட்டின்மீதும், தெருவின்மீதும், ஆற்றின்மீதும், அரசின்மீதும் இறக்கி வைக்கிறது. ஒரு தொழிலின் நல்லது கெட்டதை அளக்க இந்த இறக்கி வைத்த பகுதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சென்னையின் மேற்கு கற்ற பாடம்

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். இந்தியாவில் ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாறு அதைக் குறிக்கிறது. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று, மதிய உணவுக்குக் கிடைத்த நேரம் போதவில்லை என்பது. ஓடிப்போய் உண்டு ஓடிவர வேண்டும், தாமதித்தால் தண்டனை. சோறு உண்ணும் நேரத்தில் இருந்து ஆலை திருடிக்கொண்ட சில நிமிடங்கள்தான் ஓர் இயக்கத்துக்கு வித்திட்டன.

நாடு விடுதலை பெற்ற அடுத்த ஆண்டு, 1948இல், தொழிற்சாலைச் சட்டமும் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டமும் வந்தன. 250 பேருக்கு மேல் வேலை செய்தால் உணவகம் வேண்டும். 50 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும். நின்றே வேலை செய்பவருக்கு இடையில் உட்கார வசதி வேண்டும். நோய் வந்தால் மருத்துவம் வேண்டும். இந்தச் செலவுகள் தொழிலுடையவை, குடும்பத்தின்மேல் தள்ளக் கூடாது என்று சட்டம் கோடு கிழித்தது.

அந்தக் கோட்டுக்கு உள்ளேதான் நம் வட்டாரம் வளர்ந்தது. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானம் போட்டது. 60களின் தொடக்கத்தில் பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1965இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் இருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பாட எனக்கு மனமில்லை. பெரிய ஆலையின் வாசலைத் தாண்டினால் சின்னப் பட்டறைகளில் சங்கமும் இல்லை, ஈட்டுறுதியும் இல்லை. ஆலைகளில் பெண்களை அரிதாகத்தான் பார்க்க முடிந்தது. ஆனாலும் நிரந்தர வேலை என்ற ஒன்று இந்தப் பகுதியின் தெருக்களையே மாற்றியது. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற நம்பிக்கையில் மளிகைக்கடை அண்ணாச்சி நோட்டு போட்டுக் கடன் கொடுத்தார். அந்த நோட்டின் பலத்தில் பிள்ளைகள் படித்தார்கள். கூட்டுறவுச் சங்கக் கடனில் கொரட்டூரிலும் அயனம்பாக்கத்திலும் மனை வாங்கினார்கள். சம்பளப் பட்டியலில் இருந்த ஒழுங்கு தெருவின் ஒழுங்காக மாறியது.

இன்று அதே வட்டாரத்தில் பெண் பார்க்கப் போனால், மாப்பிள்ளை எங்கே வேலை செய்கிறார் என்ற கேள்விக்கு அடுத்த கேள்வி, "பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?" என்பது. ஒரே இயந்திரத்தின் இரு பக்கமும் நின்று ஒரே வேலையைச் செய்யும் இருவருக்கு இரண்டு சம்பளம். ஒருவருக்கு வங்கி வீட்டுக்கடன் தருகிறது. மற்றவர் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை புது ஆளாகிறார். நிறுவனத்துக்கு மிச்சமான பணம், அந்தக் குடும்பத்தில் தள்ளிப்போகும் திருமணமாகவும், வட்டிக்கடையில் அடகு வைத்த நகையாகவும், ஆண்டுக்கு ஒரு வாடகை வீடாகவும் மாறுகிறது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்புக்கான வரம்பு 20 பேரிலிருந்து 50 பேராக உயர்ந்துவிட்டது. குறித்த காலப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை என்ற நல்ல விதியும் அதே தொகுப்பில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

பூந்தமல்லி விடுதியில் வெந்த சோறு

2021 டிசம்பர். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், பூந்தமல்லி அருகே ஜமீன் கொரட்டூரில் இருந்த ஒரு விடுதி. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஆப்பிள் நிறுவனத்துக்குக் கைப்பேசி செய்யும் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். விடுதிச் சாப்பாடு நஞ்சாகியது. 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் சரியாகப் பதில் சொல்லாததால், டிசம்பர் 17 இரவு தொடங்கிச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12இல் ஆலை மீண்டும் திறந்தது.

இதை ஒரு சமையல்காரரின் அலட்சியம் என்று முடித்துவிடலாம். ஆனால் சங்கிலியைப் பாருங்கள். கைப்பேசியை விற்பவர் ஒருவர், பூட்டுபவர் இன்னொருவர், ஆள் சேர்ப்பவர் மூன்றாமவர், விடுதி நடத்துபவர் நான்காமவர், சமைப்பவர் ஐந்தாமவர். ஒவ்வொரு கையிலும் செலவைக் கொஞ்சம் குறைத்தால்தான் அடுத்த ஒப்பந்தம் கிடைக்கும். கடைசிக் கையில் குறைக்க மிஞ்சியது அரிசியும் எண்ணெயும் தண்ணீரும்தான். அந்தக் கைப்பேசியின் விலையில் ஒரு ரூபாய்கூடக் கூட்டாமல் அந்தச் சோற்றை நல்ல சோறாக்கியிருக்கலாம்.

பிறகு என்ன நடந்தது என்பதும் முக்கியம். வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பைச் சிப்காட் கட்டியது. 2024 ஆகஸ்ட் 17இல் முதலமைச்சர் திறந்துவைத்தார். நல்ல கட்டடம், காலத்தின் தேவை. ஆனால் கணக்குப் பார்ப்பவன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தனியார் சங்கிலி இறக்கி வைத்த சுமையை ஓர் அரசு நிறுவனம் தூக்கியது.

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வரும் பெண், சம்பளத்தைத் தன் பெயரில் வாங்கி, தம்பியின் கல்லூரிக் கட்டணத்தைத் தானே கட்டுகிறாள். வீட்டில் அவள் சொல்லுக்கு எடை கூடுகிறது. இதைத் தந்தது தொழில்தான், மறுக்க மாட்டேன். அதே தொழிலில், திருமணமான பெண்களைக் கைப்பேசி பூட்டும் வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. ஆலையின் ஆள்சேர்ப்புப் பழக்கம் ஒரு கிராமத்தின் திருமணத் தேதிகளை முடிவு செய்யும் அளவுக்கு வந்துவிட்டது. அதே 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தது, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லி. 1918க்குப் பிறகு 106 ஆண்டுகள் ஓடியிருந்தன.

உட்காரவும் சட்டம்

1948இல் தொழிற்சாலைத் தொழிலாளிக்குக் கிடைத்த உட்காரும் உரிமை, தமிழ்நாட்டுக் கடை ஊழியருக்குக் கிடைத்தது 2021இல். 73 ஆண்டு இடைவெளி. தி.நகர் ஜவுளிக்கடைகளில் காலை பத்து மணியிலிருந்து இரவு பத்து மணி வரை நின்ற கால்களை வசந்தபாலன் 2010இல் 'அங்காடித் தெரு' படத்தில் காட்டினார். கேரளம் 2018இல் சட்டம் செய்தது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்திருத்தம் வந்தது. பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது என்றது.

ஒரு நாற்காலி என்ன விலை? ஏன் வாங்கவில்லை? வாடிக்கையாளர் நுழையும்போது பணிப்பெண் உட்கார்ந்திருந்தால் கடையின் மரியாதை குறையும் என்று யாரோ நினைத்ததுதான் காரணம். அந்த நினைப்பின் விலையை நரம்பு சுருட்டிக்கொண்ட கால்கள் கொடுத்தன. மருத்துவச் செலவை அந்தப் பெண்களின் பெற்றோர் கொடுத்தார்கள். இதில் நமக்கும் பங்கு உண்டு. நின்றுகொண்டே வணங்கி வரவேற்றால்தான் நல்ல கடை என்று நாமும் நம்பினோமே!

சமுதாயம் வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2023 ஏப்ரல் 21இல், தினசரி வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழி செய்யும் தொழிற்சாலைச் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், மசோதா திரும்பப் பெறப்படுகிறது என்று முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு ஆண்டு. வேலை நேரம் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான விஷயம் மட்டுமென்று இருந்தால் ஊர் இவ்வளவு கொதித்திருக்காது. பன்னிரண்டு மணி நேரம் ஆலையில் இருக்கும் தகப்பன் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்க மாட்டான், கிராம சபைக்கு வர மாட்டான், நூலகத்தில் நுழைய மாட்டான். அவன் நேரத்தை எடுப்பவர் ஊரின் நேரத்தை எடுக்கிறார்.

சின்ன உறையின் பெரிய கணக்கு

விற்பனை உத்திக்கு வருகிறேன். உலகமெங்கும் மேலாண்மை வகுப்புகளில் பாடமாக இருக்கும் ஓர் உத்தி கடலூரில் பிறந்தது. பணக்காரர் பயன்படுத்தும் பொருள் கூலிக்காரருக்கும் கிடைக்க வேண்டும் என்று எண்ணிய சின்னிகிருஷ்ணன், பொருட்களைச் சின்ன உறைகளில் அடைத்து விற்கும் முறைக்கு முன்னோடி. அவர் குடும்பத்தின் வெல்வெட் ஷாம்பு அப்படி வந்தது. மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தனியே தொடங்கி சிக் ஷாம்புவைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். பையன்களை நிறுத்தி ஊர் நடுவே தலைக்குத் தேய்த்துக் காட்டினார்கள். சில்லறைக் காசுக்கு ஷாம்பு. இது ஜனநாயகம்தான், நான் கேலி செய்யவில்லை.

ஆனால் அந்த வரலாற்றில் ஒரு சிறு பகுதி என்னை உறுத்துகிறது. விற்பனையைப் பெருக்க ஒரு திட்டம் போட்டார்கள். காலி உறைகளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு புது உறை இலவசம். ஊர் முழுக்கப் பிள்ளைகள் காலி உறைகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதாவது, வீசிய உறையைத் திரும்பச் சேகரிக்க முடியும் என்பது விற்பனைக்கு உதவியபோது தொழிலுக்குத் தெரிந்திருந்தது. சந்தை கிடைத்ததும் அந்த அறிவு மறந்துபோனது. பிறகு உள்நாட்டு நிறுவனங்களும் பன்னாட்டு நிறுவனங்களும் எல்லாப் பொருளையும் சின்ன உறைக்குள் அடைத்தன. பல அடுக்குகள் ஒட்டிய அந்த உறையைப் பழைய பேப்பர்க்காரர்கூட வாங்க மாட்டார்.

2016இன் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு உறைகளை இரண்டாண்டில் ஒழிக்கச் சொன்னன. 2018இல் வந்த திருத்தம், ஆற்றலாக மீட்கவோ வேறு வகையில் பயன்படுத்தவோ முடியாதவற்றுக்கு மட்டும் என்று அதைச் சுருக்கியது. தயாரித்தவரே திரும்ப எடுக்கும் பொறுப்பு விதிகளில் இருக்கிறது. உறைகளோ நம் ஊர் வழியாக ஓடும் கூவத்தின் கரையில் இருக்கின்றன. அள்ளுபவர் நகராட்சியின் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். அந்தக் கூலி எந்த ஷாம்பு நிறுவனத்தின் செலவுப் பட்டியலிலும் இல்லை. உங்கள் சொத்து வரியில் இருக்கிறது.

கைப்பேசிக்குள் புகுந்த சூது

மூர்க்கர் காலத்துச் சூதாட்டத்துக்கு ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. அண்மைக்காலம் வரை அது நம் படுக்கையறைக்கே வந்தது. சேர்ந்தவுடன் ஊக்கத்தொகை, முதல் சில ஆட்டங்களில் வெற்றி, பிறகு சரிவு. முதலில் விட்டுக்கொடுத்துப் பின்பு வாரும் பழைய உத்திதான். நடித்துக்காட்ட நட்சத்திரங்கள், வழிகாட்டக் கணினி நிரல். கடன் வாங்கி ஆடித் தோற்று உயிரை விட்டவர்களின் செய்திகள் நாளிதழ்களில் வந்துகொண்டே இருந்தன. 2022இல் நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பிறகு தமிழ்நாடு தடைச் சட்டம் செய்தது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் ரம்மியையும் போக்கரையும் உயர்நீதிமன்றம் தடையிலிருந்து விலக்கியது. 2025இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது என்று மாநிலம் விதி வகுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்தது. இத்தனை ஆண்டுகள் விளம்பரத்துக்குச் செலவிட்டவர்கள் வருமான வரி கட்டினார்கள், சமுதாயப் பணியும் செய்திருப்பார்கள். இழந்த வீடுகளுக்கு அது ஈடாகுமா?

அதே கைப்பேசியின் இன்னொரு முகம், சில நிமிடங்களில் வாசலுக்கு வந்து நிற்கும் பொட்டலம். நூம்பலிலும் வேலப்பன்சாவடியிலும் மழை நாளில் பைக்கை ஓட்டி வரும் பையனைப் பாருங்கள். வண்டி அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, கைப்பேசி அவனுடையது, ஒடிந்தால் காலும் அவனுடையது. வேகம் மட்டும் நிறுவனத்தின் வாக்குறுதி. தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில் இவர்களுக்கு நலவாரியம் அமைத்தது. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை இவர்களின் பாதுகாப்புக்குத் தர வேண்டும் என்கிறது. 1948இல் ஆலைக்குக் கிழித்த கோட்டை இப்போது செயலிக்கும் கிழிக்கத் தொடங்கியிருக்கிறோம். கோடு அழியாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

"செலவைக் கூட்டினால் தொழில் ஓடிவிடும்"

இந்த அவையில் சிலர் மனத்துக்குள் சொல்வது கேட்கிறது. இப்படியெல்லாம் கேட்டால் தொழில் ஆந்திராவுக்குப் போய்விடும் என்கிறார்கள். மதிக்க வேண்டிய அச்சம். ஆனால் வரலாறு வேறு சொல்கிறது. உணவகம், காப்பகம், ஈட்டுறுதி என்று சட்டம் கேட்ட அதே காலத்தில்தான் அம்பத்தூரும் பாடியும் ஆவடியும் எழுந்தன. 2021க்குப் பிறகு விடுதிகளைச் சரிசெய்யச் சொன்னார்கள். அந்தக் கைப்பேசித் தொழில் ஊரைவிட்டுப் போகவில்லை, பன்மடங்கு பெருகியது.

உண்மையாகவே மூச்சுத் திணறுபவர் தொழிற்பேட்டையின் சின்னப் பட்டறைக்காரர். அவருக்காகவும் பேசுகிறேன். பொருளைக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் பணத்துக்குக் காத்திருப்பவர், தன்னிடம் வேலை செய்யும் நான்கு பேருக்கு எப்படி நேரத்துக்குச் சம்பளம் தருவார்? 2006ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டத்திலும் இதற்கென்று 2023இல் ஒரு விதி சேர்த்தார்கள். ஆனாலும் பெரிய நிறுவனத்தின்மேல் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் பட்டறைக்காரரின் வாயைக் கட்டிவிடுகிறது. மேலே உள்ளவர் கீழே உள்ளவர்மேல் சுமையை இறக்குகிறார். அவர் இன்னும் கீழே தேடுகிறார். நன்கொடைக்குப் பெயர் பெற்ற நிறுவனம் பட்டறைக்காரரின் பில்லை 45 நாளில் தீர்த்தாலே ஒரு தெருவின் சம்பளம் நேரத்துக்கு வரும். அதைவிடப் பெரிய சமுதாயப் பணி அதற்கு வேண்டாம்.

ஊராரிடம் ஒரு வேண்டுகோள்

நிறைவாக, திருவேற்காட்டாரிடம் நான்கு கோரிக்கைகள்.

கடை வைத்திருப்பவர்களே, உங்கள் பணியாளருக்கு இருக்கை இருக்கிறதா என்று இன்று இரவு கடை அடைக்கும்முன் பாருங்கள். சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டாம். பன்னிரண்டு மணி நேரம் நீங்கள் நின்று பாருங்கள், போதும்.

பொருள் வாங்குபவர்களே, பொட்டலம் ஐந்து நிமிடம் தாமதமானதற்காக அந்தப் பையனுக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

நகராட்சி உறுப்பினர்களே, பெரிய நிறுவனம் ஏரிக்கரையில் மரம் நட வரும்போது வரவேற்பு கொடுங்கள். அதோடு, அவர்களின் உறைகளை அள்ள இந்த நகராட்சி ஆண்டுக்கு எவ்வளவு செலவிடுகிறது என்ற கணக்கையும் அதே மேடையில் வாசியுங்கள்.

விழா நடத்தும் பெரியவர்களே, அன்னதானத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் பெருந்தொகை தருபவருக்குச் சால்வை போடுங்கள். போடும்முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்களிடம் வேலை செய்பவர்களுக்கு வருங்கால வைப்புநிதி கட்டுகிறீர்களா? ஒப்பந்தக்காரர் ஏமாற்றினால் நீங்கள் பொறுப்பேற்பீர்களா? சிறு பட்டறைகளின் பாக்கியைத் தீர்த்துவிட்டீர்களா? மூன்றுக்கும் ஆம் என்பவருக்கு இரண்டு சால்வையாகப் போடுங்கள்.

இந்த அறக்கட்டளையும் ஒருவர் உழைத்து ஈட்டிய பணத்தில் நிறுவப்பட்டது. இப்படிப்பட்ட கேள்விகளைத் தங்கள் மேடையிலேயே கேட்க இடம் கொடுத்த அவர் குடும்பத்தாருக்கு என் நன்றி. மூர்க்க நாயனார் தாம் வென்ற பொருளைக் கையால் தொடவில்லை, கடைசிப் பந்தியில்தான் உண்டார். அந்த இரண்டையும் செய்ய முடியாதவர்கள் ஈட்டும் வழியையாவது நேராக வைத்துக்கொள்ள வேண்டும். ஈட்டிய கணக்கைக் காட்ட மறுப்பவரிடம் கொடுத்த கணக்கை நாம் கேட்க வேண்டியதே இல்லை.